பட்டையைக் கட்டு! எண்ணைச் சொல்!

தோழர்களே!

எழுந்திருங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இதில் நாளை கிடையாது.

நம் தெருவில் ஒருத்திக்கு ஏழு மாதம். அடுத்த தெருவில் ஒருத்திக்கு எட்டு மாதம். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையருகே காலையிலிருந்து நிற்கிறாளே, அவளுக்கு ஆறு மாதம். இந்த மூன்று பேருடைய ரத்த அழுத்தம் என்ன? அவர்களுக்குத் தெரியுமா? கட்டிய புருஷனுக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா, தோழரே? எனக்குத் தெரியுமா?

யாருக்கும் தெரியாது. இப்படித்தான் நம் பெண்கள் போகிறார்கள்.

கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்மார்களைக் கொல்வதில், உலகம் முழுக்க, ரத்தப்போக்குக்கு அடுத்த இடம் இந்த ரத்தக் கொதிப்புக்குத்தான். ரத்தப்போக்கு கண்ணுக்குத் தெரியும். துணி நனையும், வீடு அலறும், ஆட்டோ வரும். கொதிப்பு அலறாது. நூறு கர்ப்பிணிகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அது ஏறுகிறது. ஏறும்போதே அவள் சோறு வடிப்பாள், குடம் தூக்குவாள், ஓவர்டைம் பார்ப்பாள். முகத்தைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது.

கண்டுபிடிக்க என்ன வேண்டும்? கையில் சுற்ற ஒரு பட்டை. ஐந்து நிமிடம். எண்ணைச் சொல்ல ஒரு வாய். கேட்க இன்னொரு வாய். வைத்தியம்? பல வருஷமாக இருக்கிற, விலை மலிந்த மாத்திரையும் ஊசியும்தான். இத்தனையும் கையில் இருந்தும் ஒருத்தி செத்தால், அதற்குத் தலையெழுத்து என்று பெயர் வைக்காதீர்கள். "பிரசவம்னா மறுபிறப்பு" என்று சொல்லிச் சொல்லியே நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். பழகாதீர்கள்!

தமிழ்நாடு எவ்வளவோ மேல் என்பார்கள். மேல்தான். 2018-20 கணக்கில் லட்சம் குழந்தைகள் பிறந்தால் இந்தியாவில் 97 தாய்மார்கள் சாக, இங்கே 54 பேர். அந்த 54-ஐ உழைத்துக் குறைத்தவர்களுக்கு ஒரு வணக்கம். ஆனால் அந்த 54 வீட்டுக்குள் போய், "நாம் நாட்டிலேயே நன்றாகச் செய்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள்.

எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். மேல் எண் 140. கீழ் எண் 90. இரண்டில் ஒன்று தொட்டாலும் சும்மா விடக் கூடாது. நாலு மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த மாதம் வா என்று அனுப்பக் கூடாது.

160-க்கு 110. இந்த எண் வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயாக வேண்டும். மூளையில் நாளம் வெடிக்கும் எண் அது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் எண் அல்ல. மாமியார் கோயிலிலிருந்து வரட்டும் என்று உட்கார்ந்திருக்கும் எண் அல்ல.

உள்ளே என்ன நடக்கிறது? இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாதவரைக்கும் பழி அவள் மேலேயே விழும். கருப்பையின் சுவரில் சுருள் சுருளாக மெல்லிய ரத்தநாளங்கள் ஓடுகின்றன. கரு தங்கிய முதல் மாதங்களில் நஞ்சுக்கொடியின் செல்கள் அந்த நாளங்களுக்குள் புகுந்து, சுவரைத் தளர்த்தி, வாயை அகலப்படுத்த வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் பாய வாய்க்காலை அகல வெட்டுகிற வேலை அது. சிலருக்கு அந்த வேலை பாதியில் நிற்கிறது. நாளம் குறுகலாகவே கிடக்கிறது. நஞ்சுக்கொடி ரத்தம் போதாமல் தவிக்கிறது. தவிக்கிற நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் சில பொருள்களைக் கலந்துவிடுகிறது. அவை அவளுடைய உடம்பில் இருக்கிற எல்லா ரத்தநாளங்களின் உட்பூச்சையும் புண்ணாக்குகின்றன. சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது. கல்லீரல் வீங்குகிறது. கண் மங்குகிறது. மூளை வலிப்பில் துடிக்கிறது.

பார்த்தீர்களா? அவள் தின்ற ஊறுகாயால் வந்ததல்ல இது. அவள் கோபக்காரி என்பதால் வந்ததல்ல. கிரகணத்தன்று வெளியே வந்ததால் வந்ததல்ல. மூன்று மாதக் கருவில், அவளுக்கே தெரியாமல், ஒரு நாளம் விரியவில்லை. அவ்வளவுதான். இனி எந்த வீட்டிலாவது "இவ வாய்க் கொழுப்பாலதான் பிரஷர் ஏறுது" என்று ஒரு குரல் கேட்டால், அங்கேயே பதில் சொல்லுங்கள். வெளியே வந்து நம்மிடம் புலம்பாதீர்கள். அங்கேயே சொல்லுங்கள்!

திடகாத்திரமான உடம்புக்கு வராது என்று நினைக்கிறீர்களா? 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 4x100 மீட்டர் தொடரோட்டத்தில் தங்கம் வென்ற நான்கு பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் அல்லிசன் ஃபெலிக்ஸ் 2018-இல் இதே கொதிப்பு முற்றி, 32 வாரத்தில் அவசர அறுவை செய்து பிள்ளை பெற்றார். டோரி போவி 2023-இல், எட்டு மாதக் கர்ப்பிணி, தன் வீட்டில் தனியாக இறந்து கிடந்தார். வயது 32. கர்ப்பகால வலிப்பாக இருக்கலாம் என்று உடற்கூறு அறிக்கை சொன்னது. காற்றாய் ஓடிய கால்கள் அவை. இருவரும் கறுப்பினப் பெண்கள். எவ்வளவு பணம் புழங்கும் நாட்டிலும் எந்தப் பெண்ணின் தலைவலியைக் காதில் வாங்குகிறார்கள், எந்தப் பெண்ணின் தலைவலியை வாங்குவதில்லை என்பதை இதற்குமேல் விளக்க வேண்டுமா?

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையைப் பாருங்கள். பெஞ்சில் இடமில்லை. பாதிப் பேர் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். இரண்டு பஸ் மாறி வெயிலில் நடந்து வந்தவளை, வந்த மூச்சோடு உட்காரவைத்து, ரவிக்கைக் கை மேலேயே பட்டையைச் சுற்றி, கேள்வியும் கேட்டுக்கொண்டே அளந்து, "அடுத்த ஆள்!" அட்டையில் 110/70. அடுத்தவளுக்கும் 110/70. அதற்கடுத்தவளுக்கும் 110/70. ஒரே பேனா, ஒரே எண். பார்த்திருக்கிறீர்கள்தானே? பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தோமே, ஏன்?

பேசுங்கள்! ஐந்து நிமிடம் உட்காரவிடச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கால் தரையில் படிந்திருக்க வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். துணிமேல் பட்டை கூடாது. அளக்கும்போது யாரும் பேசக் கூடாது. பருமனான கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் எண் பொய்யாக ஏறும். ஒல்லிக் கைக்குப் பெரிய பட்டை சுற்றினால் எண் பொய்யாக இறங்கும். ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட அளவில் பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பல்பில் காற்றுக் கசிகிறதா, பேட்டரி தீர்ந்து கிடக்கிறதா, கேளுங்கள். அளந்து முடித்ததும் எண்ணைக் கேளுங்கள். "நார்மல்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு நகராதீர்கள். மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு? அவள் காதுபடச் சொல்லட்டும். அவள் கண்முன்னால் எழுதட்டும்.

நர்சம்மாவோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். தொகுப்பூதியத்தில், மூன்று பேர் வேலையை ஒரு ஆளாக இழுத்துக்கொண்டு, வரிசையையும் பார்த்து, பதிவேடுகளையும் எழுதி, செயலியிலும் ஏற்றும் பெண் அவர். அவரை அந்த நாற்காலியில் தனியாக உட்கார வைத்தவர்களிடம்தான் நம் கணக்கு. அவருக்கும் சேர்த்தே கேட்போம். இன்னொரு செவிலியர் வேண்டும்! இன்னொரு கருவி வேண்டும்!

முதல் மூன்று மாதத்திலேயே பதிவு செய்ய வையுங்கள். முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்காக மட்டும் இல்லை. நடு மாதங்களில் எல்லாப் பெண்களுக்கும் அழுத்தம் தானாகவே கொஞ்சம் இறங்கும். ஏற்கெனவே கொதிப்பு உள்ளவள் ஐந்தாம் மாதம் முதல்முறையாக வந்தால், அந்த இறக்கத்தில் அவளுடைய நோய் ஒளிந்துகொள்ளும். முதல் எண் இல்லாமல் கடைசி எண்ணை எதோடு ஒப்பிடுவது?

இன்னொன்று. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற நம் தோழிகள் இருக்கிறார்கள். அவர்கள் கரு தங்கியது தெரிந்த அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனாலாப்ரில் மாதிரி மாத்திரைகள் சிசுவுக்கு ஆகாது. தானாக நிறுத்தவும் கூடாது, மாற்றி வாங்க வேண்டும். லேபெட்டலால், நிஃபெடிப்பின், மெத்தில்டோப்பா என்று கர்ப்பத்துக்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன. போன பிரசவத்தில் கொதிப்பு வந்தவள், சர்க்கரை உள்ளவள், சிறுநீரகக் கோளாறு உள்ளவள், இரட்டைக் கரு சுமப்பவள், இவர்கள் 16 வாரத்துக்குள்ளேயே "எனக்கு ஆஸ்பிரின் வேண்டுமா?" என்று டாக்டரிடம் கேட்டாக வேண்டும். குறைந்த அளவு ஆஸ்பிரின், தினம் ஒன்று. 2017-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு இந்தச் சின்ன மாத்திரை, 37 வாரத்துக்கு முன்னால் பிரசவிக்கச் செய்யும் கடும் கொதிப்பை நூற்றுக்கு 62 பங்கு குறைத்தது. மருந்துக்கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பது! கேட்கத்தான் ஆளில்லை. கால்சியம் மாத்திரையை அரசு இலவசமாகத் தருகிறது. வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், பாதி அலமாரியில் கிடக்கும். எடுத்துக் கையில் கொடுங்கள். விழுங்கும்வரை நில்லுங்கள்.

"உப்பைக் குறைச்சிட்டோம், தண்ணியைக் குறைச்சிட்டோம், படுக்க வச்சிட்டோம்" என்று நிம்மதியாக இருக்கும் வீடுகளைத் தட்டி எழுப்புங்கள். உப்பைக் குறைத்தும் வீட்டில் படுக்கப்போட்டும் இந்த நோயைத் தடுக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனமே 2011-இல் எழுதிவிட்டது. கால் கொஞ்சம் வீங்குவது எல்லாருக்கும் உள்ளது. முகமும் கைவிரலும் திடீரென்று உப்பினால், மோதிரம் கழற்ற வராமல் போனால், அன்றே அளக்க வேண்டும். வீக்கமே இல்லாமலும் கொதிப்பு வரும் என்பதை மறக்காதீர்கள்.

இரவு இரண்டு மணி. தலைவலி என்று படுத்தவள் எழுந்து உட்காருகிறாள். கண்முன்னால் பூச்சி பறக்கிறது என்கிறாள். நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி என்கிறாள். "வாயுவா இருக்கும், சுக்குத் தண்ணி குடி." குடிக்கிறாள். வாந்தி எடுக்கிறாள். விடியட்டும் என்கிறார்கள். விடியும் முன்னால் வலிப்பு. யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். யாரோ காத்துக்கருப்பு என்கிறார்கள். யாரோ வேப்பிலைக்கு ஓடுகிறார்கள்.

சாவியைத் தூக்கி எறியுங்கள்! ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், இடது பக்கமாக. வாயில் கரண்டியோ விரலோ எதுவும் போகக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். "கர்ப்பிணி, வலிப்பு." முதலில் இந்த இரண்டு வார்த்தை. முகவரி பிறகு. உண்மையில் அந்தத் தலைவலிக்கே கூப்பிட்டிருக்க வேண்டும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு விடாத தலைவலி வந்தால், வீண் அலைச்சலாகப் போனாலும் பரவாயில்லை, போய் அளந்துவிட்டு வாருங்கள்.

செவிலியத் தோழர்களே! இது உங்களுக்கு. மக்னீசியம் சல்பேட் ஊசி உங்கள் தட்டில் இருக்கிறதா? இப்போதே பாருங்கள். காலாவதி தேதியையும் பாருங்கள். 2002-இல் 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களை வைத்து நடந்த ஆய்வு, இந்த ஊசி வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கும் கீழே இறக்குகிறது என்று காட்டியது. 1995-இலேயே வலிப்பு வந்தவளுக்கும் மற்ற மருந்துகளைவிட இதுதான் மேல் என்று தெரிந்தாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பு முதல் தவணையை, பக்கத்துக்கு 5 கிராமாக இரண்டு பிட்டத்திலும் ஆழமாகப் போட்டு அனுப்ப அரசு வழிகாட்டியே உங்களுக்கு அனுமதி தந்திருக்கிறது.

பயம் தெரியும். மூச்சு நின்றுவிடுமோ, பழி வந்துவிடுமோ. முதல் தவணைக்கு அந்தப் பயம் வேண்டாம். அடுத்தடுத்த தவணைக்கு முன்னால் மூச்சை எண்ணுங்கள், முழங்காலைத் தட்டிப் பாருங்கள், சிறுநீரை அளங்கள். முறிமருந்து கால்சியம் குளுக்கோனேட், பக்கத்திலேயே இருக்கட்டும். ஊசி போடாமல் "ரெஃபர்" என்று எழுதி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டால், நாற்பது கிலோமீட்டர் ரோட்டில் அவளுக்குத் துணை யார்? போட்டுவிட்டு அனுப்புங்கள், தோழர்களே! உங்கள்மேல் யாராவது கை நீட்டினால் சங்கம் முன்னால் நிற்கும். நிற்காவிட்டால் எங்களைச் சங்கத்திலிருந்தே விரட்டுங்கள்.

அழுத்தத்தை இறக்கப் பெரிய இயந்திரம் வேண்டும் என்று சாக்குச் சொல்பவர்களுக்கு நாக்பூரைக் காட்டுங்கள். அங்கே இரண்டு அரசு ஆஸ்பத்திரிகளில், எண் எகிறிப்போன ஏறக்குறைய 900 கர்ப்பிணிகளுக்கு வாய்வழி மாத்திரை மட்டுமே கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2019-இல் வந்தது. நிஃபெடிப்பின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு ஆறு மணி நேரத்துக்குள் தீங்கில்லாமல் அழுத்தம் கட்டுக்குள் வந்தது. மற்ற இரண்டு மாத்திரைகளான லேபெட்டலாலும் மெத்தில்டோப்பாவும் கொஞ்சம் பின்தங்கினாலும் பெரும்பாலோருக்கு வேலை செய்தன. நம் நாட்டில், நம்மைப் போன்ற ஏழைப் பெண்களின் உடம்பில் நிரூபித்த வழி இது. இருப்பு இல்லை என்று இனி யார் சொன்னாலும், ஏன் இல்லை, யார் கேட்டு அனுப்பவில்லை, எந்தத் தேதியிலிருந்து இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள்.

கம்பெனித் தோழர்களே! சூப்பர்வைசர் முறைப்பார். முறைக்கட்டும். 26 வாரச் சம்பள விடுப்பு சட்டம் தந்தது. கர்ப்பத்தால் வந்த நோய்க்கு மேலும் ஒரு மாதம் உண்டு. லைனில் நிற்கிற கர்ப்பிணிக்கு நாற்காலி கேளுங்கள். பரிசோதனை நாளுக்குச் சம்பளம் பிடிக்காதே என்று கேளுங்கள். ஒருத்தி கேட்டால் வேலை போகும். முப்பது பேர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தால் யாருடைய வேலை போகும்?

ஆண் தோழர்களே, நீங்கள் எங்கே? வளைகாப்புக்குப் பந்தல் போட வந்தீர்கள், நன்றி. மனைவியின் கடைசி இரண்டு எண் என்ன? சொல்லுங்கள். கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் தலைகீழாகத் தெரிகிறதே!

பிள்ளை பிறந்தாயிற்று, எல்லாம் முடிந்தது என்று கலையாதீர்கள். முடியவில்லை. பிரசவித்த மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் அழுத்தம் உச்சிக்கு ஏறும். அதற்குள் அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். வீட்டில் எல்லாரும் குழந்தையைப் பார்ப்பார்கள். காது, மூக்கு, யாரைப் போல இருக்கிறது என்று பார்ப்பார்கள். தாயை யார் பார்ப்பது? அந்த வாரத்தில் வரும் தலைவலியைத் தூக்கமில்லாத தலைவலி என்று தள்ளிவிடுவார்கள். வலிப்பு அப்போதும் வரும். ஆறு வாரம் வரைக்கும் வரலாம். போய்க் கதவைத் தட்டுங்கள்! பட்டையோடு போய்த் தட்டுங்கள்! தீட்டு என்று வாசலில் நிறுத்தினால், வாசலுக்கே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து அளங்கள்.

அவளுடைய நாளங்கள் இதை மறப்பதில்லை. கர்ப்பத்தில் இந்தக் கொதிப்பு வந்தவளுக்குப் பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வருஷத்துக்கு ஒருமுறையாவது அளந்தாக வேண்டும், ஆயுள் முழுக்க. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-இலிருந்து வீடு தேடி மாத்திரை வருகிறது. நல்லது. ஐம்பது வயதுக்காரர் பெயர் பட்டியலில் இருக்கிறது. பிரசவத்தில் கொதிப்பு வந்து பிழைத்த இருபத்தைந்து வயதுக்காரி பெயர் இருக்கிறதா? போய்ப் பாருங்கள். இல்லையென்றால் எழுதவையுங்கள்.

வேலையைப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் கர்ப்பமாக இருப்பவர்கள், பிரசவித்து ஆறு வாரம் ஆகாதவர்கள், எல்லார் பெயரையும் இந்த வாரத்துக்குள் எழுதட்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தோழர். ஆள் போதவில்லை என்றால் இரண்டு பெயருக்கு ஒரு தோழர். செவ்வாய்க்கிழமை அவளோடு போங்கள். வரிசையில் அவள் பின்னால் நில்லுங்கள். அவள் கேட்கக் கூச்சப்பட்டால் நீங்கள் கேளுங்கள். கருவிக்கு உண்டியல் குலுக்குவோம் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அவசரத்துக்கு ஒன்றிரண்டு வாங்கி வைப்போம், சரி. ஆனால் அரசு தர வேண்டியதை நாமே வாங்கிக்கொடுத்துவிட்டு அரசை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்பது என் கட்சி.

மே 1 கிராம சபை. தொழிலாளர் தினக் கொடியை ஏற்றிவிட்டு அப்படியே அங்கே போங்கள். கைக்குழந்தைக்காரிகளையும் வயிற்றுப் பிள்ளைக்காரிகளையும் முன்வரிசையில் உட்காரவையுங்கள். துணை சுகாதார நிலையத்தில் ஓடுகிற அளவுக் கருவி, இரண்டு அளவில் பட்டை, மக்னீசியம் ஊசி, காலியாகக் கிடக்கும் செவிலியர் இடத்துக்கு ஆள், பிரசவித்த ஒரு வாரத்துக்குள் வீடு தேடி வந்து அளப்பது. ஐந்தும் ஒரே தீர்மானத்தில் வர வேண்டும். "பார்த்துக்கலாம்மா" என்பார்கள். "மேலே சொல்றோம்" என்பார்கள். சாப்பாட்டு நேரம் என்று பதிவேட்டை மூடப் பார்ப்பார்கள். தீர்மான எண் போட்டு, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கும்வரை ஒருத்தரும் எழுந்திருக்காதீர்கள்!